ஒரு ரூபாய் அமைச்சர்

இந்த நாட்டுக்காக எத்தனையோ பேர் எத்தனையோ தியாகம் செய்திருக்கிறார்கள். அந்த வரிசையில் கடைசியாக வந்து நின்றவன் நான். பெயர் கருத்தையா. ஊர் ராஜபாளையம். பேண்டேஜ் துணி தயாரிக்கும் கம்பெனி ஒன்றில் டெஸ்பாட்ச் சூப்பர்வைசர். ஊர் உலகத்தின் காயத்துக்கெல்லாம் நான்தான் துணி அனுப்புகிறேன். என் காயத்துக்குக் கட்டுப்போடத்தான் ஆள் இல்லை.

காயம் என்றது சம்பளத்தை. மாதம் முதல் தேதி என் சம்பளம் பாங்கில் விழும். விழுந்த செய்தி என் மனைவி முனீஸ்வரியின் போனுக்குப் போகும். ஏ.டி.எம். கார்டும் அவளிடம்தான். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை அவளை "ஏட்டி" என்று புருஷன் அதிகாரத்தில் கூப்பிட்டுப் பார்த்தேன். அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. காரணம் கேட்காதீர்கள்.

அவள் ஸ்ரீவில்லிபுத்தூர் சார்நிலைக் கருவூலத்தில் வேலை பார்க்கிறாள். சுற்றுவட்டாரத்து அரசு ஊழியர்களின் சம்பள பில், பயணப்படி பில் எல்லாம் அவள் மேஜையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஒரு புள்ளி இடம் மாறியிருந்தாலும் சிவப்பு மையில் ஆட்சேபணை எழுதித் திருப்பி அனுப்பிவிடுவாள். பெரிய பெரிய அதிகாரிகள் அவள் மேஜை முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள் என்று கேள்வி. எனக்கு அதில் ஆச்சரியம் எதுவும் இல்லை. இருபத்திரண்டு வருஷமாக நானும் அப்படித்தான் நிற்கிறேன்.

அப்படிப்பட்டவள் எனக்குக் கைச்செலவுக்கு மாதம் மூவாயிரம் ரூபாய் தருவாள். மூன்று வருஷமாக அதே மூவாயிரம். டீ பத்திலிருந்து பதினைந்துக்கு ஏறிவிட்டது. வடை சின்னதாகிவிட்டது. வடையின் ஓட்டை மட்டும் பழைய அளவிலேயே இருக்கிறது. வருஷப் பிறப்புக்கு வருஷப் பிறப்பு ஐந்நூறு ஏற்றிக் கேட்பேன். "பரிசீலனைல இருக்கு" என்பாள். அந்தப் பதிலை நான் பிரேம் போட்டு மாட்டியிருந்தால் இதற்குள் சுவர் நிறைந்திருக்கும்.

நியாயமாகச் சொன்னால் அவளும் என்னிடம் ஒன்று கேட்டிருந்தாள். போன தீபாவளி சமயம். ஏதோ துறைத் தேர்வு ஒன்று பாக்கி இருக்கிறதாம். அதை எழுதித் தேறினால் கணக்கர் ஆகிவிடலாமாம். பதவி உயர்வுப் பட்டியலில் பெயர் தயாராக இருக்கிறது, தேர்வு மட்டும் பதினோரு வருஷமாகத் தள்ளிக்கொண்டே போகிறது, சாயங்காலம் இரண்டு மணி நேரம் எனக்குக் கிடைத்தால் போதும் என்றாள். நான் என்ன கல்நெஞ்சக்காரனா? "தாராளமாப் படி முனீசு. நான் வேண்டாம்னா சொல்லுதேன். மொதல்ல ஒரு காப்பியப் போட்டுட்டுப் படி" என்றேன். அவள் காப்பி போட்டாள். அதற்குப் பிறகு தோசை ஊற்றினாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

இந்த ஜனவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பேப்பரில் அந்தச் செய்தியைப் பார்த்தேன். கடல் நடுவில் ஏதோ ஒரு நாடு. பெயரை வாசித்து முடிப்பதற்குள் எனக்கு நாக்கு சுளுக்கிக்கொண்டது. அங்கே கஜானா காலி. அதனால் அமைச்சர்கள் எல்லாரும் கூடி, எங்களுக்குச் சம்பள உயர்வு வேண்டாம், இருக்கிற சம்பளத்திலும் பாதி போதும் என்று கையெழுத்துப் போட்டுவிட்டார்களாம். அதில் ஒருவர் முழுச் சம்பளத்தையும் விட்டுவிட்டார். அவர் படத்தை மட்டும் பெரிதாகப் போட்டிருந்தார்கள். கழுத்து நிறைய மாலை. முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு. சம்பளம் போனவன் முகத்தில் பூரிப்பு எங்கிருந்து வந்தது என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

சந்தேகத்தைப் பக்கத்து வீட்டு ஜனார்த்தன் சாரிடம் கொண்டுபோனேன். சென்னைத் தலைமைச் செயலகத்தில் முப்பத்திரண்டு வருஷம் இருந்து ஓய்வு பெற்றவர். பூர்வீகம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் கோயிலை ஒட்டிய வீதி. மகன் இங்கே வீடு கட்டியதால் எங்கள் காலனிக்கு வந்து சேர்ந்தவர். பேப்பரை வாங்கினார். கண்ணாடியைத் துடைத்தார். முழுவதும் வாசித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"கருத்தையா, சம்பளத்தை விட்டவா லோகத்துல நிறையப் பேர் உண்டு. படியை விட்டவாளை நான் பார்த்ததில்லே" என்றார்.

பிறகு விளக்கினார். அமைச்சர் என்பவருக்குச் சம்பளம் என்பது தட்டில் ஒரு ஓரமாக வைக்கிற ஊறுகாய்தானாம். வீடு தனி, கார் தனி, போன் தனி. பயணத்துக்கு ஒரு படி, விருந்தாளிகளை உபசரிக்க ஒரு படி, தொகுதிக்குப் போய்வர ஒரு படி. ஊறுகாயை வேண்டாமென்று ஒதுக்கினால் ஊர் மாலை போடும். சாப்பாட்டை யாரும் எடுத்துவிட மாட்டார்கள். இதையெல்லாம் அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு மண்டைக்குள் டியூப்லைட் எரிந்தது. எங்கள் வீட்டு டியூப்லைட் மாதிரி நாலு தடவை துடித்துவிட்டுத்தான் எரிந்தது. ஆனால் எரிந்தது.

ஜனவரி இருபத்தாறு. காலனி நலச்சங்கத்தில் கொடியேற்றம். செயலாளர் வேலுசாமி எல்லாருக்கும் லட்டு கொடுத்துக்கொண்டிருந்தார். சிறப்பு விருந்தினர் வரவில்லை. மைக் சும்மா நின்றது. நான் போய்ப் பிடித்துக்கொண்டேன்.

தேசத்தின் பொருளாதார நிலை பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். கடல் நடுவில் இருக்கும் நாட்டைப் பற்றி ஐந்து நிமிஷம். அதன் பெயரை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் குரலை உயர்த்தினேன். ஒவ்வொரு குடும்பமும் ஒரு அரசாங்கம். என் அரசாங்கத்தில் சிக்கனம் என்னிலிருந்து தொடங்குகிறது. மாதாமாதம் நான் வாங்கிவந்த மூவாயிரம் ரூபாயை இன்றோடு விட்டுக்கொடுக்கிறேன். இனி எனக்குச் சம்பளம் ஒரே ஒரு ரூபாய். மாதத்துக்கா என்று யாரோ கேட்டார்கள். "வருஷத்துக்கு" என்றேன்.

பெண்கள் பக்கம் கைதட்டல் ஓயவில்லை. சிறப்பு விருந்தினருக்காக வாங்கிய பொன்னாடையை வேலுசாமி எனக்குப் போர்த்தினார். ஆகஸ்ட் பதினைந்துக்கு இதைவிடப் பெரிதாகச் செய்வோம் அண்ணே என்று காதில் சொன்னார். கூட்டத்தில் முனீஸ்வரி கையில் லட்டோடு நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். பில்லைப் பார்க்கிற பார்வை. நான் பொன்னாடையைச் சரிசெய்துகொண்டேன்.

அன்று சாயங்காலம் சாப்பாட்டு மேஜையில் அமைச்சரவைக் கூட்டம். மகள் சத்யப்பிரியா திருநெல்வேலியில் ஹாஸ்டலில் இருப்பதால் மொத்த அவையும் நாங்கள் இரண்டு பேர்தான்.

"சம்பளம் வேண்டாம்னுட்டிய. சரி. பஸ்ஸுக்கு, டீக்கு, போனுக்கு என்ன செய்விய?" என்றாள்.

இதற்காகத்தானே காத்திருந்தேன். சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து வைத்தேன். பயணப்படி. விருந்தோம்பல் படி. தொலைபேசிப் படி. செய்தித்தாள் படி. தொகுதிப் படி. எல்லாம் கூட்டினால் மாதம் ஐயாயிரத்துக்குக் குறையாது. சம்பளத்தையே விட்ட ஒரு தியாகியிடம் இதைப் போய் யாரால் மறுக்க முடியும்? அவள் பட்டியலை மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்தாள். சண்டைக்கு நான் தயாராக இருந்தேன்.

"நியாயந்தான்" என்றாள்.

நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் அந்த வார்த்தை என் பக்கம் வந்தது அதுதான் முதல் தடவை.

"ஆனா படி வேணும்னா துறை வேணும். துறை இல்லாத அமைச்சருக்கு எந்தத் தலைப்புல பணம் எடுக்க?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. அவளே ஒரு வெள்ளைத் தாளை எடுத்து எழுதினாள். உணவுத் துறை. குடிநீர்த் துறை. உள்ளாட்சித் துறை. வெளியுறவுத் துறை. வெளியுறவு என்றால் எந்த நாடு என்று கேட்டேன். மம்சாபுரம் என்றாள். அது அவள் அம்மா வீடு.

உள்துறை பெரிய துறை ஆயிற்றே, அதை எனக்குத் தர மாட்டாயா என்று கொஞ்சம் விறைப்பாகவே கேட்டேன். அவள் முகம் மாறாமல் அதையும் எழுதினாள். "வீட்டுக்கு உள்ள இருக்கது பூராம் அதுல வரும். பெருக்கது, தொடைக்கது, தூசி தட்டுறது எல்லாம்" என்றாள். ஐந்து துறைகள். எந்த நாட்டில் ஒரே ஆளுக்கு ஐந்து துறைகள் கொடுத்திருக்கிறார்கள்? எனக்கு மார்பு விரிந்தது.

"நிதி?" என்றேன்.

"அது முதலமைச்சர்ட்ட இருக்கும்."

"முதலமைச்சர் நாந்தானே?"

"முதலமைச்சர் எப்பச் சம்பளத்த விட்டாவ? விட்டது நீங்க."

இதில் ஏதோ ஓட்டை இருப்பது மாதிரி தெரிந்தது. எங்கே என்று பிடிபடவில்லை. கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு ரூபாய் எப்போது வரும் என்று கேட்டேன். புதிதாக வேலையில் சேர்ந்தவர்களுக்கு முதல் சம்பளம் உடனே வராது, உத்தரவு போட வேண்டும், ஊதிய நிர்ணயம் செய்ய வேண்டும், ஆறு மாதம் ஆகும் என்றாள். அரசாங்கம் என்றால் அப்படித்தான் இருக்கும். வரட்டும். அந்த நாணயத்தைச் செலவழிக்கப்போவதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். கண்ணாடி பிரேம் போட்டு, ஹாலில் எங்கள் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் மாட்ட வேண்டும். வருகிறவர்கள் பார்க்க வேண்டும். மறுநாளே ஆணி அடித்துவிட்டேன்.

பிப்ரவரி கடைசியில் முதல் பில்லைச் சமர்ப்பித்தேன். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது ரூபாய். அடுத்த நாள் காலையில் திரும்பி வந்தது. ஓரம் முழுக்கச் சிவப்பு மை. ஸ்ரீவில்லிபுத்தூர் பயணம், நோக்கம் பால்கோவா சாப்பிட்டது, எந்தத் துறையின் பணி என்று காட்டப்படவில்லை. டீக்கடையில் மெதுவடை நாற்பத்தாறு, விருந்தோம்பல் என்பது விருந்தினருக்கு, விருந்தினர் பெயர் இல்லை. போன் ரீசார்ஜ், துறை சார்ந்து பேசியதற்கு ஆதாரம் இல்லை. பாஸ் ஆனது இருபது ரூபாய். ரேஷன் கடையில் சீனி வாங்கப் போன ஷேர் ஆட்டோ.

நான் சும்மா விடவில்லை. அந்த இருபது ரூபாயை உற்றுப் பார்த்தேன். அது மட்டும் ஏன் பாஸ் ஆனது? துறை வேலை நடந்திருக்கிறது. அப்படியானால் துறை வேலையைக் காட்டினால் பில் பாஸாகும். கருவூலத்தின் சூட்சுமம் எனக்குப் பிடிபட்டுவிட்டது.

மார்ச்சில் உழவர் சந்தைக்குப் போனேன். கத்திரிக்காய், வெண்டைக்காய், போகவர ஆட்டோ, எல்லாம் பாஸ். குப்பையை மக்கும் குப்பை, மக்காத குப்பை என்று பிரித்துக் கொடுத்தேன். புதுக் குப்பைக்கூடைக்கு நூற்று இருபது, பாஸ். நல்ல தண்ணீர் வருகிற நாளில் குடம் குடமாகப் பிடித்து வைத்தேன். குடத்தில் ஒன்று ஒழுகியது. மாற்றுக் குடம், பாஸ்.

விருந்தோம்பல்தான் கொஞ்சம் இழுத்தது. கடையில் வாங்கிக் கொடுத்த காப்பி அந்தத் தலைப்பில் வராது, துறை தன் சொந்தக் கையால் தயாரித்து வழங்க வேண்டும் என்று ஆட்சேபணை எழுதியிருந்தாள். தயாரித்தேன். விருந்தினர் ஜனார்த்தன் சார். காப்பிக்குப் பிறகு உப்புமாவுக்கு முன்னேறினேன். உப்புமாவிலிருந்து சாம்பாருக்கு. போனில் ஒரு அம்மாள் செய்து காட்டுவதைப் பார்த்துப் பார்த்துச் செய்தேன். முதல் நாள் ஜனார்த்தன் சார் ஒரு கரண்டி ருசி பார்த்துவிட்டு, "இது எந்தத் துறை?" என்று கேட்டார். உணவு என்றேன். "ஓகோ, குடிநீர்னு நெனச்சேன்" என்றார். நான் மனம் தளரவில்லை. ஏப்ரலில் அவரே இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வெளியுறவு. முன்பெல்லாம் மம்சாபுரத்துக்கு வருஷத்துக்கு ஒரு தடவை போவேன். அதற்கும் காய்ச்சல் வராதா என்று பார்ப்பேன். இப்போது போகவர பஸ் டிக்கெட்டோடு தினப்படி ஐம்பது ரூபாய் உண்டு. நாலு வாரம் தொடர்ந்து போனதும் மாமியார் வெங்கடேஸ்வரி பயந்துவிட்டார். வீட்டில் ஒன்றும் தகராறு இல்லையே மருமகனே என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். அரசுமுறைப் பயணம் என்று சொல்லிவிட்டு முருங்கைக்காய்க் கட்டோடு திரும்பினேன்.

இதற்கிடையில் எதிர்த்தரப்பு என்ன செய்கிறது என்றும் ஒரு கண் வைத்திருந்தேன். முனீஸ்வரி ஏழு மணிக்கு பஸ் இறங்கி வருவாள். முகம் கழுவுவாள். நான் போட்டு வைத்த காப்பியைக் குடிப்பாள். பிறகு உள் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். எட்டிப் பார்த்தால் மேஜை மேல் தலையணை மாதிரி மூன்று புத்தகங்கள். எல்லாம் நிதி விதிகள், கருவூல விதிகள். கையில் பென்சிலை வைத்துக்கொண்டு வரிவரியாகக் கோடு போட்டுப் படித்துக்கொண்டிருப்பாள். எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் பில்லை மடக்க விதி தேடுகிறாள்.

உண்மையைச் சொல்கிறேன், அன்று எனக்கு வந்த பெருமை பொன்னாடை போர்த்தியபோதுகூட வரவில்லை. மாவட்டத்து அதிகாரிகளின் பில்லையெல்லாம் ஒரு பார்வையில் திருப்பி அனுப்புகிறவள், இந்தக் கருத்தையாவின் பில்லைச் சமாளிக்கத் தினமும் இரண்டு மணி நேரம் படிக்க வேண்டியிருக்கிறது. நானும் விடவில்லை. அவள் படிக்கப் படிக்க நான் இன்னும் கவனமாகத் துறைப் பணி ஆற்றினேன். ரசத்துக்குப் பெருங்காயம் போட்டதற்குக்கூட ரசீது வைத்திருந்தேன்.

மே மாதம் நாலாயிரத்து முன்னூற்று எண்பது ரூபாய்க்கு பில் போட்டேன். ஒரு சிவப்புக் கோடு இல்லாமல் முழுதாகப் பாஸ் ஆயிற்று. கருவூலமே தோற்றுவிட்டது. டீக்கடை வாசலில் நின்று நாலு பேருக்கு வாசித்துக் காட்டினேன். கடைக்கார ராஜு, "ஏமண்டி மந்திரிகாரு" என்று தெலுங்கில் அழைத்து எழுந்து நின்று கும்பிட்டார். அவர் கடையில் நான் டீ குடித்து அப்போது மூன்று மாதம் ஆகியிருந்தது. டீக்குத் தலைப்பு இல்லை.

அந்த மாதக் கடைசியில் இரண்டு நாள் விருதுநகர் போக வேண்டும் என்றாள் முனீஸ்வரி. கையில் எழுதுகிற அட்டை, இரண்டு பேனா. ஏதோ தணிக்கை வேலை போல என்று நினைத்துக்கொண்டேன். எலுமிச்சம்பழச் சாதம் கட்டிக் கொடுத்தேன். டப்பாவை வாங்கிக்கொண்டு வாசல்வரைக்கும் போனவள், திரும்பி வந்து என்னைச் செத்த நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தது மாதிரி இருந்தது. சாதத்துக்கு நாற்பது ரூபாய் பில் உண்டு என்று ஞாபகப்படுத்தினேன். சிரித்துக்கொண்டே போய்விட்டாள்.

ஆடிப்பூரத்துக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் பார்க்க ஜனார்த்தன் சாரோடு போனபோதுதான் முதல் அடி விழுந்தது. கடைவீதியில் ஒரு பிரேம் கடை. ஆறு மாதம் ஆகிவிட்டதே, ஒரு ரூபாய் எந்த நிமிஷமும் வரலாம், பிரேமை வாங்கிவிடுவோம் என்று நுழைந்தேன். கல்யாணப் படத்துக்குச் சமமான அளவில், தங்க நிற ஓரம் வைத்தது இருநூற்று ஐம்பது. பையில் கை விட்டேன். பன்னிரண்டு ரூபாய் இருந்தது.

"மாசம் நாலாயிரம் பாஸ் ஆகுதே சார். அது எங்க போச்சு?" என்றேன்.

ஜனார்த்தன் சார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "காய்க்குக் கொடுத்ததைக் காய்க்கு வாங்கினீர். பஸ்ஸுக்குக் கொடுத்ததை பஸ்ஸுக்கு வாங்கினீர். இதுல உமக்குன்னு என்ன இருக்கு?"

தேர் வடத்தை ஆயிரம் பேர் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த வீதியில் நான் மட்டும் அசையாமல் நின்றேன். மூவாயிரம் என்பது முழுக்க முழுக்க என்னுடையதாக இருந்தது. நாலாயிரத்தில் ஒரு டீ கிடையாது. இத்தனை மாதமாகக் காப்பி குடித்த நன்றிக்கு ஜனார்த்தன் சாரே பிரேமை வாங்கிக் கொடுத்தார். அதைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது என்னை நானே தேற்றிக்கொண்டேன். பணம் போகட்டும். பெயர் இருக்கிறது. ஆகஸ்ட் பதினைந்து இருக்கிறது.

பதின்மூன்றாம் தேதி வேலுசாமி வீட்டுக்கு வந்தார். இந்த வருஷம் கௌரவம் உங்கள் வீட்டுக்குத்தான், சட்டையைத் தேய்த்து வையுங்கள் அண்ணே என்று சொல்லிவிட்டுப் போனார். வெள்ளைச் சட்டையைத் தேய்த்தேன். தியாகம் பற்றி நாலு பக்கம் எழுதி மனப்பாடம் செய்தேன்.

விழாவில் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். வேலுசாமி மைக்கைப் பிடித்தார். நம் காலனிக்கே ஒரு பெருமை, ஆறு மாதமாக ஒரு வீட்டில் ஓசையில்லாமல் ஒரு சாதனை நடந்திருக்கிறது என்றார். நான் எழுந்தேன். துறைத் தேர்வில் முதல் தடவையிலேயே தேறி, நேற்றுப் பதவி உயர்வு ஆணை வாங்கிய நம்ம முனீஸ்வரி அக்காவை மேடைக்கு அழைக்கிறேன் என்றார்.

நான் எழுந்தது எழுந்ததுதான். உட்கார முடியாது. நாலு பக்கத் தியாகத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கையைத் தட்டினேன். நான் நின்று தட்டுவதைப் பார்த்து எனக்குப் பின்னால் ஒவ்வொருவராக எழுந்தார்கள். மொத்தக் கூட்டமும் நின்று தட்டியது. அந்தக் காலனியில் அப்படி ஒரு மரியாதை யாருக்கும் கிடைத்ததில்லை.

முனீஸ்வரி பச்சைப் பட்டுப் புடவையில் மேடைக்குப் போனாள். பொன்னாடை போர்த்தினார்கள். பேசச் சொன்னார்கள். அவளுக்கு மேடைப் பழக்கம் கிடையாது. மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருசமா எனக்குச் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் கெடைக்கல. இந்த வருசம் கெடச்சது. எங்க வீட்ல அவிய அடுப்படியப் பாத்துக்கிட்டாவ. தண்ணி பிடிச்சு வச்சாவ. எங்கம்மாவ வாராவாரம் போய்ப் பாத்துட்டு வந்தாவ. அதுக்குன்னு ஒரு ரூவா சம்பளம் வாங்கல" என்றாள்.

கடைசியில் குரல் உடைந்தது. பெண்கள் பக்கம் மறுபடி கைதட்டல். ஆண்கள் பக்கம் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு பாசம் இல்லை. ஏமாந்துவிட்டேன் என்பது புரிந்துவிட்டது. ஆனாலும் மேடையில் நிற்கிறவள் என் மனைவி என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் சொன்னேன். அவருக்கு அது ஏற்கெனவே தெரியும். இருந்தாலும் இரண்டு தடவை சொன்னேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, ரிசல்ட் வந்ததை ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"வந்தன்னைக்கே சொல்லத்தான் வந்தேன். நீங்க பெருங்காய ரசீதோட வந்து நின்னிய" என்றாள்.

"அந்தப் பொஸ்தகமெல்லாம்?"

"பரீச்சைக்குத்தான். ஒங்க பில்லப் பாக்க எனக்குப் பொஸ்தகம் எதுக்கு?"

வீட்டு வாசலில் எனக்கு மறுபடி தைரியம் வந்தது. நான் நினைத்துப் பார்த்தேன். அரசாங்கத்தின் வருமானம் உயர்ந்துவிட்டது. அவள் சம்பளம் இனி என் கம்பெனிச் சம்பளத்தைவிட அதிகம். சிக்கனத்துக்குக் காரணமே இல்லை. அமைச்சரின் பழைய சம்பளத்தைத் திரும்ப வழங்கலாம், ஐந்நூறு ஏற்றியும் வழங்கலாம். முறைப்படி மனு எழுதி அவள் மேஜையில் வைத்தேன். இந்தத் தடவை பரிசீலனையில் இல்லை. பத்து நிமிஷத்தில் சிவப்பு மையோடு திரும்பி வந்தது.

"பொதுமக்கள் முன்னிலையில் மனமுவந்து விட்டுக்கொடுத்த சம்பளத்தைத் திரும்பக் கோர விதியில் இடமில்லை. மனு நிராகரிக்கப்படுகிறது. வருடச் சம்பளம் ரூபாய் ஒன்று இன்றே வழங்கலாம்."

சரி, அதாவது வந்ததே. சாப்பாட்டு மேஜையில் ஒரு வெள்ளைத் தாளை விரித்தாள். பெற்றுக்கொண்டேன் என்று எழுதி, அடியில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒன்று ஒட்டியிருந்தது. அதன் பக்கத்தில் புத்தம் புது ஒரு ரூபாய் நாணயம். நான் பிரேமை எடுத்து வந்து தயாராக வைத்துக்கொண்டேன். ஸ்டாம்ப் மேல் படுகிற மாதிரி அழகாகக் கையெழுத்துப் போட்டேன். நாணயத்துக்குக் கையை நீட்டினேன்.

அவள் கை முந்திக்கொண்டது. "ஸ்டாம்பு ஒரு ரூவாங்க" என்றாள். நாணயம் அவள் பர்ஸுக்குள் போயிற்று.

காலிப் பிரேமை மேஜையிலேயே போட்டுவிட்டுப் படுத்துவிட்டேன். காலையில் எழுந்து வந்து பார்த்தால் அது ஹாலில், நான் அடித்த ஆணியில், கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே அவளுடைய பதவி உயர்வு ஆணை. முனீஸ்வரி, கணக்கர். கிட்டப்போய் நின்று ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். அளவெடுத்துச் செய்த மாதிரி பிரேமில் பொருந்தியிருந்தது. இப்போது வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் அதன் முன்னால்தான் கூட்டிக்கொண்டுபோய் நிறுத்துகிறேன். இந்தத் தெருவில் வேறு எந்த வீட்டுச் சுவரில் இப்படி ஒன்று தொங்குகிறது என்று கேட்கிறேன்.

நேற்றுப் பார்த்தேன். கண்ணாடியில் லேசாகத் தூசி. துணியை எடுத்துத் துடைத்தேன். உள்துறை இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.